குரொய்டனுக்கு வந்த கணக்கு வாத்தியார்

பாடசாலைகள் கோடை விடுமுறைக்குப் பூட்டிய அன்று பின்னேரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரிய மாமியின் கேள்வி வந்து விழும். "பிள்ளையள், இந்த லீவுக்கு ஆர் ஆர் என்ன புத்தகம் வாசிக்கிறியள்?" பத்து வருடமாக இதே கேள்விதான். பதில்களும் ஏறக்குறைய அதே பதில்கள்தான். ஒருவர் ஒரு மங்கா அட்டையைப் படமெடுத்துப் போடுவார். ஒருவர் ஓடியோ புத்தகம் கணக்கில் சேருமா என்று கேட்பார். இரண்டு மூன்று பேர் பெருவிரலை மட்டும் போடுவார்கள்; அது எந்தப் புத்தகத்தின் பெயர் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த வருடம் என் சித்தப்பாவின் கடைசி மகன், 15 வயது, திருப்பிக் கேட்டான்: "மாமி, நான் என்ன வாசிச்சா உங்களுக்கு என்ன?" மரியாதையில்லாமல் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு அது விளங்கவில்லை. மாமியும் கோபிக்கவில்லை. "அண்ணாவைக் கேள், அவன்தானே சரித்திரம் எழுதுறவன்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

சரி தம்பி, இது உனக்கு. மற்றவர்களும் கூட இருந்து கேட்கலாம். பதில் 1924இல் தொடங்குகிறது. அந்த வருடம் சென்னையிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் லண்டனுக்கு வந்தார். அதுவும் எங்கே? நீ கிழமைக்கு ஒருமுறை கொத்துரொட்டி வாங்கப் போகிற குரொய்டனுக்கு.

அவர் பெயர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892இல், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தவர். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தேவாரம் பாடமாக்கியவர்களுக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும். திருஞானசம்பந்தர் பிறந்த ஊர். ரங்கநாதனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். அப்படியிருந்தும் வாத்தியார் வேலைக்குத்தான் ஆசைப்பட்டார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ. முடித்து, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் படிப்பித்துவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். நல்ல வாத்தியார் என்று பெயரும் எடுத்தார். சம்பளம்தான் போதவில்லை.

அந்த நேரத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக ஒரு நூலகர் பதவியை உருவாக்கியது. சம்பளம் நல்ல சம்பளம். ஏறக்குறைய 900 பேர் விண்ணப்பித்தார்கள். நூலகத் தொழில் படித்தவர் அதில் ஒருவரும் இல்லை. ரங்கநாதனுக்கும் அதைப் பற்றி எதுவும் தெரியாது. நேர்முகத்துக்குக் கொஞ்சம் முந்தித்தான் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைத் தேடி வாசித்தாராம். (நேர்முகத்துக்கு முதல்நாள் இரவு விக்கிப்பீடியா வாசிக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டாம், உங்களுக்கு முன்னோடி இருக்கிறார்.) வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் சேர்ந்தார்.

சேர்ந்த சில நாட்களிலேயே அவருக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு இருந்து பழகிய மனுசன். இங்கே பெரிய மண்டபம், பூட்டிய அலுமாரிகள், புத்தகம் கேட்டு வருகிற ஆளே இல்லை. தாங்க முடியாமல் பழைய கல்லூரிக்கே ஓடிப்போய், என்னைத் திரும்ப எடுங்கள் என்று கேட்டார். அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். எப்படியும் நூலகப் படிப்புக்கு லண்டன் போகத்தானே ஏற்பாடாகியிருக்கிறது, முதலில் போய்ப் படித்துவிட்டு வா, வந்த பிறகும் இந்த வேலை பிடிக்கவில்லை என்றால் மீண்டும் வாத்தியாராகலாம்.

நான் கணினித் துறையில் வேலை செய்கிறவன். புது வேலையில் சேர்ந்த முதல் கிழமையே பழைய இடத்துக்குத் தொலைபேசி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒருமுறை நானும் எடுத்திருக்கிறேன். அதனால் வரலாற்றில் பெரிய ஆளாக நிற்கிற ஒருவர் இப்படி அழாக்குறையாகத் திரும்பி ஓடிய கதை எனக்குப் பெரிய ஆறுதல்.

லண்டன் யூனிவர்சிற்றி கொலிஜ், கவர் ஸ்ட்ரீட். அங்கே 1919இல்தான் நூலகர்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியிருந்தார்கள். அங்கே நூல்களை வகைப்படுத்தும் பாடத்தை எடுத்தவர் பேர்விக் சேயர்ஸ். பகுதிநேர ஆசிரியர், அவருடைய முழுநேர வேலை குரொய்டன் பொது நூலகங்களின் தலைமை நூலகர். மாணவரைச் சரியாக எடைபோட்ட சேயர்ஸ், வகுப்பில் இருந்து நேரத்தை வீணாக்காதே, நூலகங்களைப் போய்ப் பார் என்று அனுப்பினார். குரொய்டனில் தன்னுடைய நூலகத்திலேயே வேலை பழகவும் விட்டார்.

குரொய்டன் நகரமண்டபத்தின் மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும்தானே? கத்தரின் ஸ்ட்ரீட்டில் நிற்கிற சிவப்புச் செங்கல் கட்டடம். 1896இல் திறந்தது. நூலகம் அதற்குள்தான் இருந்தது. இன்றும் மத்திய நூலகம் அந்தக் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய புதுப் பகுதியில்தான் இருக்கிறது. 1924ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு சீர்காழிக்காரர் அந்த வாசலால் போய் வந்திருக்கிறார். வெஸ்ட் குரொய்டனிலிருந்து தோர்ன்டன் ஹீத் வரை நடந்தால் இன்று தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லை. அப்போது அந்த வீதியில் அவரோடு தமிழில் கதைக்க யாராவது இருந்திருப்பார்களா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அந்த ஒரு வருடத்தில் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண்டது, சென்னையில் விட்டுவிட்டு வந்த பூட்டிய அலுமாரிக்கு நேர் எதிரானது. வேலை முடிந்து வந்த தொழிலாளிகள், வீட்டுப் பெண்கள், காற்சட்டைப் பையன்கள் எல்லோரும் தாங்களாகவே அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டு நின்றார்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. இங்கிலாந்தின் பொது நூலகங்களில் முன்பு வாசகரை அலுமாரிக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். முன்னால் ஒரு பெரிய பலகை இருக்கும். புத்தகத்தின் இலக்கத்தை அதில் தேடி, உள்ளே இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா என்று பார்த்து, மேசைக்குப் பின்னால் நிற்கிறவரிடம் கேட்டு வாங்க வேண்டும். பெயர் தெரியாத புத்தகத்தை உங்களால் கேட்கவே முடியாது. 1894இல் லண்டன் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுண் என்பவர் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டு ஆட்களை உள்ளே விட்டார். புத்தகங்கள் களவு போகும், ஒழுங்கு குலையும் என்று மற்ற நூலகர்கள் அவரோடு வருடக் கணக்காகச் சண்டை பிடித்தார்கள். ரங்கநாதன் வந்தபோது அந்தச் சண்டை ஏறக்குறைய முடிந்திருந்தது. அதனால் அவருக்கு வெற்றியின் பலன் மட்டும் காணக் கிடைத்தது.

குரொய்டனில் இன்னொன்றும் இருந்தது. அந்த நூலகங்கள் 1899இலிருந்து 'வாசகர் சுட்டி' என்ற பொருளில் ஒரு சிறு சஞ்சிகையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்டன. புதிதாக என்ன வந்திருக்கிறது, இந்த விடயத்தில் விருப்பம் உள்ளவர் எதை வாசிக்கலாம் என்று ஊர்ச் சனத்துக்குச் சொல்லுகிற சஞ்சிகை. சுருக்கமாகச் சொன்னால், பெரிய மாமியின் வாட்ஸப் கேள்வியை அச்சடித்து விட்டிருந்தார்கள்.

இனி விளையாட்டுச் சாமான் கதை. ஒருநாள் ஒக்ஸ்போர்ட் ஸ்ட்ரீட் செல்பிரிட்ஜஸ் கடைக்குள் ரங்கநாதன் போனார். அங்கே மெக்கானோ விற்பனைக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். லிவர்பூல்காரர் பிராங்க் ஹோர்ன்பி 1901இல் காப்புரிமை எடுத்த பொருள்: துளை போட்ட உலோகப் பட்டிகள், சில்லுகள், அச்சுகள், திருகாணிகள். அதே துண்டுகளால் ஒருமுறை பாரந்தூக்கி, கழற்றிப் பூட்டினால் பாலம், இன்னொருமுறை வண்டி. கடையில் நின்றவருக்கு மூளையில் மின்னல் அடித்தது.

அவருடைய பிரச்சினை இதுதான். அன்று எல்லோரும் பயன்படுத்திய டூயி முறையில் உலகத்து விடயங்கள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒரு பெட்டி செய்து இலக்கம் போட்டு வைத்திருப்பார்கள். புது விடயம் ஒன்று வந்தால் பெட்டி இல்லை. மேற்கில் செய்த பட்டியல் ஆனபடியால் இந்திய விடயங்களுக்கு ஒதுக்கிய இடமும் குறைவு. மெக்கானோவைப் பார்த்ததும் ரங்கநாதன் நினைத்தது, பெட்டிகளைச் செய்யாதே, துண்டுகளைச் செய். எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனிக் குறிகள். நூல் வந்ததும் தேவையான துண்டுகளைச் சேர்த்துப் பூட்டிவிடலாம். திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி, அந்த இரண்டு பொட்டு அடையாளம். அதனால்தான் 1933இல் அவர் வெளியிட்ட முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர்.

நீ இணையத்தில் சப்பாத்துத் தேடும்போது பக்கத்தில் அளவு, நிறம், விலை என்று வரிசையாகத் தெரிவு செய்கிறாய்தானே? ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, வேண்டிய முகங்களைச் சேர்த்துத் தேடுகிற அந்த யோசனைக்கு வேர் தேடிப் போகிறவர்கள் ரங்கநாதனிடம்தான் வந்து நிற்பார்கள். நான் முதுகலை படித்தபோது ஒரு விரிவுரையில் இந்தப் பெயரைக் கேட்டேன். விரிவுரையாளர் பெயரைக் கடித்துத் துப்பியதில் அது தமிழ்ப் பெயர் என்றே எனக்கு விளங்கவில்லை. சீர்காழிக்காரர் என்று தெரிய இன்னும் ஐந்தாறு வருடம் எடுத்தது.

1925 கோடையில் கப்பலேறினார். போகிற வழியில் கப்பலின் நூலகத்தையே தன் முறைப்படி அடுக்கிப் பார்த்தார் என்று சொல்வார்கள். சென்னைக்குப் போய் இறங்கியவர் வாத்தியார் வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. பூட்டிய அலுமாரிகளைத் திறந்து, வாசகர்களை உள்ளே விட்டார். அடுத்த இருபது வருடம் நாளுக்கு 13 மணித்தியாலம், கிழமைக்கு ஏழு நாள், ஒரு விடுமுறைகூட எடுக்காமல் வேலை செய்தார். தன் கல்யாண நாளன்றே பின்னேரம் நூலகத்துக்கு வந்துவிட்டாராம். இது எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணப் பெண்ணை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கோடை விடுமுறை வாசிப்பைப் பற்றி எழுதப்போய் விடுமுறையே எடுக்காத ஆளிடம் வந்து மாட்டியிருக்கிறேன், என்ன செய்வது.

1931இல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. நியூட்டனுக்கு மூன்று விதி என்றால் நூலகத்துக்கு ஐந்து. கணக்கு வாத்தியாரின் புத்தி போகுமா? முதல் விதியைச் சொல்லாக்கிக் கொடுத்ததே அவருடைய பழைய கணித ஆசிரியர் எட்வர்ட் ரொஸ்தான். நூல் இருப்பது பயன்படுத்துவதற்கு என்பது அந்த விதி. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலி போட்டு அலுமாரியோடு கட்டித்தான் வைத்திருந்தார்கள். ஹெரிபோர்ட் தேவாலயத்தில் அப்படிச் சங்கிலியோடு ஒரு நூலகம் இன்றும் இருக்கிறது, விடுமுறையில் போனால் பார்க்கலாம். நான்காவது, ஐந்தாவது விதிகள் வாசகரின் நேரத்தை மிச்சம் பிடிப்பது பற்றியும் நூலகம் உயிருள்ள ஒன்றைப் போல வளரும் என்பது பற்றியும்.

உன் கேள்விக்குரிய பதில் நடுவில் இருக்கிறது. இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. மூன்றாம் விதி அதைத் திருப்பிப் போடுகிறது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். முதலில் வாசித்தபோது ஒரே விடயத்தை இரண்டு தரம் எழுதியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் வேறுபாடு பிடிபட்டது. வாசகருக்கு வாய் இருக்கிறது, வேண்டியதைக் கேட்பார். நூலுக்கு வாய் இல்லை. அலுமாரியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதற்காக யாராவது பேச வேண்டும். அலுமாரியைத் திறந்து வைப்பதும், பொருத்தமான நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவதும், வந்திருக்கிறது என்று ஊருக்கு அறிவிப்பதும் எல்லாம் ரங்கநாதனின் கணக்கில் இந்த மூன்றாம் விதிக்கான வேலைகள்.

அவரோடு சேர்ந்தவர்கள் அந்த வேலையைக் கட்டடத்துக்கு வெளியேயும் கொண்டுபோனார்கள். அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியியலாளர் ஒரு மாட்டுவண்டியில் அலுமாரி பூட்டி நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். நூல் வாசகரைத் தேடி மாடு பூட்டிப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தைக் கொண்டுவந்ததிலும் ரங்கநாதனின் கை இருக்கிறது. வீட்டு வரியோடு சேர்த்து நூலகத்துக்கென்று ஒரு சிறு வரி. தமிழ்நாட்டில் கிளை நூலகங்கள் பெருகியது அதனால்தான்.

இப்போது கப்பலை இன்னும் கொஞ்சம் தெற்கே திருப்புவோம்.

யாழ்ப்பாணத்தில் 1933இல் க. மு. செல்லப்பா என்ற மனிதர் தன் வீட்டிலிருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். பெரிய பணக்காரர் இல்லை, நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தவர். நான் வாசித்ததை நீயும் வாசி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. விசயம் பரவியது, ஊரில் ஆதரவு சேர்ந்தது. 1934 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு அது ஒரு நூலகமாயிற்று. நூல்கள் கூடக் கூட இடம் மாறி, கடைசியில் நிரந்தரக் கட்டடம் ஒன்று வேண்டும் என்ற நிலை வந்தது.

1950களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தார் அதற்குத் திட்டம் போட உட்கார்ந்தபோது ஆலோசனைக்கு அழைத்தது யாரை என்று நினைக்கிறாய்? குரொய்டனில் வேலை பழகிய அதே ரங்கநாதனைத்தான். கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் சம்பத்திரிசியார் கல்லூரி அதிபர், அயர்லாந்துக்காரரான லோங் அடிகள். 1954 மார்ச்சில் அடிக்கல், 1959 ஒக்ரோபர் 11இல் திறப்பு. பிறகு சிறுவர்களுக்கென்று தனிப் பகுதியும் வந்தது.

என் அப்பா அந்தச் சிறுவர் பகுதியில் அங்கத்தவராக இருந்தவர். பிறகு பெரியவர்கள் பகுதி. சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நண்பர்கள் நாலு பேரும் நாலு புத்தகம் எடுத்து, கிழமை முடியத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்களாம். ஆளுக்கு ஒரு அட்டையில் நாலு புத்தகம் வாசிக்கிற தந்திரம். யார் என்ன வாசிக்கிறான் என்பது மற்ற மூன்று பேருக்கும் தெரிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கிழமைக்குப் புத்தகம் இல்லை.

1981 மே 31 இரவு தொடங்கி அந்த நூலகத்தை எரித்தார்கள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் பொலிசாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் செய்த அட்டூழியத்தின் ஒரு பகுதி அது. ஏறக்குறைய 97,000 நூல்கள், அவற்றோடு வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும். உங்களில் பலர் இதை மேடைகளில் கேட்டிருப்பீர்கள், அதனால் விவரித்து எழுதவில்லை. நான் சொல்ல வந்தது மேடையில் வராத ஒரு சின்ன விடயம். அன்று அப்பாவின் வீட்டில் அந்த நூலகத்துப் புத்தகம் ஒன்று இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி தாண்டி ஒரு கிழமை. தண்டப்பணம் கட்ட வேண்டுமே என்று தள்ளிப் போட்டிருந்தார். தாத்தா அதை எடுத்துப் பழைய பத்திரிகையில் சுற்றி சாமியறையில் வைத்துவிட்டாராம்.

இப்போது அந்தப் புத்தகம் எங்கே என்று கேட்டால் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. 1995 இடப்பெயர்வில் வீட்டோடு அதுவும் போய்விட்டது. பெயரைக் கேட்டால் அப்பா இரண்டு வெவ்வேறு பெயர் சொல்கிறார். கட்டடம் திருத்தப்பட்டு இன்று வெள்ளையாகப் பழையபடி நிற்கிறது. போன தடவை ஊருக்குப் போனபோது படிக்கட்டில் நின்று படம் எடுத்தோமே, அதுதான். எஞ்சிய ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் தொண்டர்கள் தேடித் தேடி மின்பிரதியாக்கி, 2005இலிருந்து நூலகம் இணையத்தளத்தில் ஏற்றி வருகிறார்கள். காசு இல்லை, அட்டை இல்லை, தண்டப்பணமும் இல்லை. கைத்தொலைபேசியிலேயே திறக்கலாம்.

இனி இங்கே, லண்டனுக்கு வருவோம். 1999இலிருந்து பிரிட்டனின் நூலகங்கள் ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புச் சவால் நடத்துகின்றன. நானும் சேர்ந்திருக்கிறேன். விடுமுறைக்குள் ஆறு புத்தகம். ஒவ்வொன்றையும் முடித்து, அதைப் பற்றி நூலகத்து அன்ரியிடம் சொன்னால் ஒட்டுப்படம் தருவார். வாசித்ததைவிடச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அம்மா கதவடியில் ஷொப்பிங் பையோடு நிற்க, நான் அந்த மேசைக்கு முன்னால் நின்று டைனசோர் கதை ஒன்றை முழுதாக ஒப்புவித்திருக்கிறேன். பின்னால் நின்ற பையன் நான் முடித்ததும் அதே புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மூன்றாம் விதி எனக்கு முன்னால் நடந்தது, அப்போது பெயர் தெரியாது.

அதே நூலகத்தில் ஒரு தமிழ் அலுமாரி இருந்தது. நான் சின்னவனாக இருந்தபோது நாலு தட்டு. இந்த ஜூலையில் போய்ப் பார்த்தேன், ஒன்றரைத் தட்டு. பொன்னியின் செல்வனில் முதலாம், மூன்றாம், ஐந்தாம் பாகங்கள் நின்றன. இரண்டையும் நாலையும் யார் வைத்திருக்கிறீர்களோ, கடவுளுக்குத் தெரியும். ஒரு நாவலைத் திறந்தேன். முன்பெல்லாம் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டித் திகதி முத்திரை குத்துவார்கள். கடைசி முத்திரை 2009. அதற்குப் பிறகு இயந்திரம் வந்துவிட்டதால் முத்திரை இல்லை, ஆனால் கணினியில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று வேலை செய்தவரைக் கேட்டேன். நல்ல மனுசி, பார்த்துச் சொன்னார். மூன்று வருடமாக ஒருவரும் எடுக்கவில்லை. வெளியே போகாத நூல்களைப் பட்டியலெடுத்து செப்ரெம்பரில் கழிக்கப் போகிறார்களாம்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் கொஞ்சம் ஆறியது. கணினி பொய் சொல்லவில்லை. அந்த அலுமாரியிலிருந்து நான் கடைசியாக ஒரு புத்தகம் எடுத்தது பல்கலைக்கழகம் போவதற்கு முன்பு. நூலகங்களுக்குக் காசு இல்லை என்பதும் உண்மை. ரங்கநாதன் வேலை பழகிய குரொய்டனிலேயே கவுன்சில் தன் 13 நூலகங்களில் 4ஐ மூடுவதென்று 2024இல் முடிவெடுத்தது. ஒன்றரைத் தட்டுத் தமிழ் நூலுக்காக யாரும் கண்ணீர் விடப் போவதில்லை. யாழ்ப்பாணத்தில் நூலை எரிக்க ஆட்கள் வர வேண்டியிருந்தது. இங்கே அதற்கு யாரும் வர வேண்டாம், நாங்கள் போகாமல் இருந்தாலே போதும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அப்பா அடிக்க வருவார். ஆனால் அலுமாரி வெறுமையாகிவிட்டால் வெறுமைதான்.

தம்பி, இதனால்தான் மாமி கேட்கிறார். நீ என்ன வாசிக்கிறாய் என்று சொன்னால் உன்னைப் பற்றி எங்களுக்கு ஏதோ தெரிகிறது, அது ஒரு பக்கம். மறுபக்கம், அந்தப் புத்தகத்துக்கு இன்னொரு ஆள் கிடைக்கிறது. நீ போட்ட அந்த மங்காவின் முதல் பாகத்தை எடுத்து நான் பாதி வாசித்துவிட்டேன். பின்னாலிருந்து முன்னுக்கு வாசிக்க வேண்டும் என்று முதலே சொல்லியிருக்கலாம்.

போன சனிக்கிழமை எங்களில் ஆறு பேர் அந்த நூலகத்துக்குப் போனோம். உனக்குக் காற்பந்துப் பயிற்சி, அதனால் நீ இல்லை. ஆளுக்கு மூன்றாக 18 தமிழ்ப் புத்தகம் எடுத்தோம். இயந்திரம் முதலாவது புத்தகத்தையே படிக்க மாட்டேன் என்று சிவப்பு விளக்குக் காட்டியது; பட்டைக்கோடு அவ்வளவு பழசு. கடைசியில் அந்த மனுசிதான் வந்து ஒவ்வொன்றாக இலக்கத்தைத் தட்டி ஏற்றினார். உன் அக்காவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். சிறுவர் கதை எடு என்று சொன்னேன், கேட்கவில்லை. அட்டையில் ஒரு கிணறு இருந்ததற்காக மொத்தமான நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

நேற்று அந்தக் கிணற்றுப் புத்தகத்தோடு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டினாள். அரை மணித்தியாலம் எடுத்தது. அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நித்திரையோ என்று நினைத்தோம். பக்கம் முடிந்ததும் கண்ணைத் திறந்து, "கிணத்துக்கட்டிலை இருந்தவள் ஆரெண்டு இன்னும் சொல்லேல்லையே, மற்றப் பக்கத்தைத் திருப்பு" என்றார்.

திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி ஓகஸ்ட் 23. மீண்டும் போவோம். உன் பயிற்சி எத்தனை மணிக்கு முடியும்?